மெய்ப்பையும் கைப்பையும்: சுற்றுலாப் பார்வையில் இத்தாலியரும் தமிழரும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில் 2011 ஆம் ஆண்டு ‘ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ்’ என்னும் அங்காடித் தொகுதி திறக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களின் ஆடை, காலணி, கைப்பை முதலியவற்றைக் குறைந்த விலையில் விற்கும் அந்நிறுவன வரிசையில், தென்கிழக்காசியாவில் தோன்றிய முதல் அங்காடி இதுவேயாகும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து வரும் சிங்கப்பூர்க் குடும்பங்களும், வடக்கேயிருந்து வருவோரும், வெளிநாட்டுப் பயணிகளும் அங்குக் கூடுவதுண்டு. அதன் கடைப்பெயர்ப் பட்டியலில் அர்மானி, சல்வதோரே ஃபெர்ரகாமோ, எர்மெனெஜில்தோ செஞ்ஞா, ஃபுர்லா முதலிய இத்தாலியப் பெயர்கள் இடம்பெற்றன. இத்தாலி மண்ணை மிதித்திராத ஒருவர்கூட இப்பெயர்களைக் கண்டவுடன் ‘இத்தாலியர் அழகுணர்வு மிக்கவர், உடுத்தத் தெரிந்தவர்’ என்று எண்ணிக்கொள்கிறார். இவ்வறிவை அவர் எங்கிருந்து பெற்றார் என்பது ஆராய்தற்குரிய வினாவாகும்.

இதனோடு சேர்த்து எழுப்பவேண்டிய மற்றொரு வினாவும் உண்டு. அதே பயணி, அதே ஜொகூரில் வாழும் தமிழரைப் பற்றி என்ன அறிந்து செல்கிறார்? சேலையுடுத்திய பெண், கோபுரம், வாழையிலை உணவு ஆகிய மூன்றையும் தாண்டி அவர் அறிந்து செல்வது மிகுதியன்று. இத்தாலியரைக் கைப்பையாகவும் தமிழரைச் சேலையாகவும் காணும் இவ்விரு பார்வைகளும் ஒரே முறையில் உருவாகின்றன என்பதும், அவ்விரண்டும் உழைப்பையே முதலில் மறைக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அதனை நிறுவுதற்குத் தமிழ்க் கவிதையியலின் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு துணையாகக் கொள்ளப்படுகிறது.

படிமம் யாருடையது?

ஓர் இனத்தாரையோ நாட்டாரையோ மாறாத ஒருசில அடையாளங்களுக்குள் அடக்கிக் காண்பதை இக்கட்டுரை ‘அச்சுப் படிமம்’ எனக் குறிக்கிறது. அச்சுத் தொழிலில் கோத்த எழுத்துகளைக் கொண்ட முழுப் பக்கத்தையும் ஒரே உலோகத் தகடாக வார்த்து, மீண்டும் மீண்டும் அச்சிடும் முறை பதினெட்டாம் நூற்றாண்டில் வளர்ந்தது. அம்முறையின் ஐரோப்பியப் பெயரையே வால்டர் லிப்மன் 1922 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பொதுக்கருத்து’ என்னும் நூலில் மனத்தில் வார்க்கப்பட்ட படிமங்களுக்குப் பெயராக்கினார். தகடு வார்க்கப்பட்டபின் அதில் ஓர் எழுத்தையும் மாற்றவியலாது என்பதே இவ்வுவமையின் உயிர்நிலை.

இத்தாலியை முன்னிறுத்தி இச்சிக்கலை ஆராய்ந்தவர் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் ஆவார். 1964 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரையொன்று, பன்சானி என்னும் பெயரில் பிரான்சில் விற்கப்பட்ட உணவுப்பொருளின் விளம்பரத்தைப் பகுத்தாய்கிறது. வலைப்பையிலிருந்து வெளிப்படும் மாவுப்பண்டப் பொதிகள், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், மஞ்சள் பச்சை சிவப்பு நிறங்கள் ஆகிய யாவும் சேர்ந்து ‘இத்தாலியத் தன்மை’ என்னும் பொருளைத் தருகின்றன என்கிறார் பார்த். ஆயின் அப்பொருளை உணர்பவர் இத்தாலியர் அல்லர். சுற்றுலா வழியாக இத்தாலியை அறிந்த பிரெஞ்சுக்காரரே. தக்காளியில் தம் நாட்டின் சாரம் அடங்கியிருப்பதாக ஓர் இத்தாலியருக்குத் தோன்றாது. எனவே அச்சுப் படிமம் காணப்படுபவரைப் பற்றிக் கூறுவதைவிடக் காண்பவரைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது என்பது பெறப்படும்.

இங்குத் தமிழாசிரியர் ஒரு தடையை எழுப்பக்கூடும். குறிஞ்சிக்கு முருகனும் தினையும் மயிலும், நெய்தலுக்கு உப்பும் மீனும் என வரையறுத்த நம் திணைக் கோட்பாடும் ஓர் அச்சுப் படிமத் தொகுதிதானே என்பது அத்தடை. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எனத் தொல்காப்பியம் அடுக்கும் கருப்பொருள்கள் நிலத்தையும் மக்களையும் வகைப்படுத்தும் அடையாளங்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொல்காப்பியர் அவற்றைத் தனித்து நிற்கவிடவில்லை. முதலினும் கரு சிறந்தது, கருவினும் உரி சிறந்தது என அவர் முறைப்படுத்துகிறார். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மாந்த உணர்வே பாடலின் பயன்; மயிலும் தினையும் அதற்குத் துணைநிற்பவை. மேலும் உரியல்லாத பொருள்கள் ஒரு நிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று கலக்கலாம் எனவும் அவர் இடங்கொடுக்கிறார். நிலம் மக்களைச் சிறைப்படுத்தாது என்னும் அறிவு திணைமயக்கத்தில் பொதிந்துள்ளது.

இவ்வளவுகோலால் நோக்கின், சுற்றுலாப் படிமம் எத்தகையது என்பது தெளிவாகும். அது முதற்பொருளையும் கருப்பொருளையும் கொண்டு, உரிப்பொருளை நீக்கிவிட்ட ஆக்கம். கோபுரமும் கடற்கரையும் மாலைப்பொழுதும் உண்டு. உடையும் உணவும் இசைக்கருவியும் உண்டு. அங்கு வாழ்வோரின் பிரிவுக்கும் இரங்கலுக்கும் இடமில்லை. மயக்கமும் அதற்கு ஒவ்வாது. இவ்விரு இன்மைகளே அதனைத் திணை மரபினின்றும் வேறுபடுத்துகின்றன.

யவனர் உடையும் உரோமர் வேட்கையும்

தமிழரும் இத்தாலியரும் ஒருவரையொருவர் உடையாலும் அணியாலும் மதிப்பிட்ட வரலாறு கூலாய் அங்காடியில் தொடங்கியதன்று. சங்கப் பாடல்களில் வரும் யவனர் என்னும் சொல் கிரேக்கர், உரோமர் முதலிய மேற்றிசையாரைப் பொதுவாகச் சுட்டும். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் உடலை மூடிய சட்டையோடு தோன்றுகின்றனர். அச்சட்டையைப் புலவர் ‘மெய்ப்பை’ என்கிறார். உடலை இட்டுவைக்கும் பை என்னும் இச்சொல், தைத்த சட்டை வழக்கமில்லாத ஒரு சமூகத்தின் வியப்பைப் பதிவு செய்துள்ளது. அவர்களுடைய வலிய உடலும் அச்சந்தரும் தோற்றமும் அங்குக் கூறப்படுகின்றன. அவர்கள் மனத்தில் நிகழ்ந்தது எதுவும் கூறப்படவில்லை. அப்பாட்டின் உரிப்பொருள் முழுவதும் காத்திருக்கும் தலைவிக்கும் வினைமேற்சென்ற தலைவனுக்கும் உரியது. வேற்று நாட்டுக் காவலர் பின்புலத்தில் நிறுத்தப்பட்டனர். அச்சுப் படிமம் செய்யும் வேலையை நாமும் செய்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வது நேர்மையான ஆய்வுக்கு இன்றியமையாதது.

மறுபுறம், உரோமரின் ஆடம்பரம் இந்தியப் பொருள்களையே நம்பியிருந்தது. முத்து, மிளகு, மெல்லிய பருத்தித்துணி ஆகியவற்றிற்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சுக்குக் குறையாத பணத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என முதலாம் நூற்றாண்டில் பிளினி குறைபட்டுக்கொண்டார். இன்று கூலாயில் இத்தாலிய அங்கியைத் தேடும் பயணியின் இடத்தில் அன்று உரோமானியச் சீமாட்டி நின்றாள். அக்காலத்தில் ‘அயல்நாட்டு அழகு’ என்பது கிழக்கிலிருந்து சென்றது. அதற்கு எதிர்த்திசையில் வந்த பொருளுக்கும் சான்றுண்டு. 1945 ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அரிக்கமேட்டு அகழாய்வில், இத்தாலியின் அரெட்சோ நகர் மரபைச் சேர்ந்த செந்நிற மட்கல ஓடுகள் கிடைத்தன. அவற்றுட் சில, செய்தவர் பெயர் முத்திரையைத் தாங்கியவை. முத்திரையிட்ட இத்தாலியப் பொருளைத் தமிழ்க் கடற்கரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கிறது. எத்திசையார் நாகரிகத்தை வழங்குகின்றனர், எத்திசையார் அதனை வாங்குகின்றனர் என்பது நிலையானதன்று என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

காவியுடுத்த உரோமர்

பதினேழாம் நூற்றாண்டில் இவ்வுறவு புதியதொரு வடிவம் பெற்றது. 1577 ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியர் 1606 இல் மதுரையை அடைந்தார். அங்கு மேற்றிசையாரைப் பற்றி வலுவானதோர் அச்சுப் படிமம் ஏற்கனவே வேரூன்றியிருந்தது. போர்ச்சுகீசியரைக் குறித்த ‘பறங்கி’ என்னும் சொல், மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், தூய்மை அறியாதவர் என்னும் பொருள்களைத் தாங்கியிருந்தது. நொபிலி தாம் பறங்கி அல்லர் எனவும் உரோம் நகரத்து உயர்குடியினர் எனவும் அறிவித்தார். கருநிற அங்கியைக் களைந்து காவி உடுத்தார், மரமிதியடி அணிந்தார், புலால் தவிர்த்தார், தமிழும் வடமொழியும் பயின்று ‘தத்துவ போதகர்’ எனப் பெயர் பெற்றார்.

இவ்வுடை மாற்றம் திருச்சபைக்குள் பெரும் பூசலை விளைத்தது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமயக் குறிகளா, சமூகக் குறிகளா என்னும் விவாதம் உரோம் வரை சென்று, 1623 ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வழங்கிய ஆணையால் நொபிலிக்குச் சாதகமாக முடிந்தது. உடை ஒரு மொழி என்பதும், ஒரே உடையை இரு சமூகங்கள் இருவேறாகப் படிக்கும் என்பதும் இங்கு வெளிப்படை.

ஆயினும் நொபிலியின் செயலை முழுவதும் போற்றுதல் இயலாது. பறங்கி என்னும் படிமத்திலிருந்து தப்பியவர், துறவி என்னும் மற்றொரு படிமத்தினுள் புகுந்தார். அது உயர்சாதியினர் மதித்த படிமம் ஆதலின், ஒடுக்கப்பட்டோரிடமிருந்து வெளிப்படையாக விலகி நிற்கும் நிலை அவருக்கு ஏற்பட்டது. அவர்களுக்கென வேறு தோற்றமும் வேறு ஒழுக்கமும் கொண்ட ‘பண்டாரசாமி’ என்னும் குருமார் பிரிவு பின்னர் உருவாயிற்று. படிமத்தைத் தனக்கு ஏற்ப வளைப்பவரும் அதற்குரிய விலையைப் பிறர்மேல் சுமத்தக்கூடும்.

1680 இல் இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்னும் வீரமாமுனிவரைப் பற்றிய பிற்கால வரலாறுகளும் ஓவியங்களும், அவருடைய அங்கி, தலைப்பாகை, காதணி ஆகியவற்றை விரிவாகவே தீட்டுகின்றன. நம் மாணவர் பலர் அவரை அவ்வுருவத்தாலேயே அறிவர். ஆனால் 1726 இல் நிறைவுற்ற தேம்பாவணியும் 1732 இல் தொகுக்கப்பெற்ற சதுரகராதியும் உடையைக் கடந்த உழைப்பின் பயன்கள். தமிழ்ச் சொல்லைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து அடுக்கிய பொறுமைக்கு ஓவியத்தில் இடமில்லை. ஓர் இத்தாலியரைத் தமிழர் உண்மையில் அறிந்துகொண்டது அவர் உடையால் அன்று, அவர் நூல்களால் என்பது நம் பாடநூல்களே நாள்தோறும் உணர்த்தும் செய்தி.

இத்தாலிய அழகு உருவான வரலாறு

‘இத்தாலியர் இயல்பிலேயே அழகாக உடுத்துபவர்’ என்னும் இன்றைய படிமம் மிகவும் பிற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோடிக்கு மேற்பட்ட இத்தாலியர் வறுமையால் அமெரிக்கக் கண்டங்களுக்கும் பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் புலம்பெயரத் தொடங்கினர். அன்று அமெரிக்காவில் அவர்களைப் பற்றி நிலவிய படிமம் அழுக்கும் கத்தியும் குற்றமும் ஆகும். 1891 மார்ச் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் 11 இத்தாலியர் கும்பலால் கொல்லப்பட்டனர். அச்சுப் படிமம் வெறும் பேச்சளவில் நிற்பதன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

அப்படிமத்தை மாற்றிய நிகழ்ச்சிகளுள் தலையாயதற்கு நாளும் இடமும் உண்டு. 1951 பிப்ரவரி 12 அன்று ஃபிளாரன்ஸ் நகரில், ஜொவான்னி பத்திஸ்தா ஜொர்ஜீனி என்னும் வணிகர் தம் இல்லத்தில் ஆடைக் காட்சியொன்றை நடத்தினார். அழைக்கப்பட்டோருள் முதன்மையானவர்கள் அமெரிக்க வணிகர்கள். மறு ஆண்டு முதல் அக்காட்சிகள் பித்தி அரண்மனையில் நடைபெற்றன. போரால் சிதைந்த நாட்டின் தையற்கலையை மறுமலர்ச்சிக் காலக் கலையின் பின்னணியில் வைத்து விற்கும் உத்தி அது. 1953 இல் வெளிவந்த ‘ரோமன் ஹாலிடே’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் உரோம் நகரத்தை விடுமுறைக் கனவாக்கிற்று. ஆக, இத்தாலிய அழகு என்னும் படிமத்தை வார்த்ததில் வாங்குவோருக்கும் பயணிகளுக்கும் பெரும்பங்கு உண்டு. பார்த் கூறியது வரலாற்றாலும் உறுதிப்படுகிறது.

கூலாய் அங்காடியில் பெயர் தாங்கிய ஃபெர்ரகாமோவின் வாழ்க்கையே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1898 இல் தென்னித்தாலியின் பொனீத்தோ என்னும் சிற்றூரில், எளிய குடும்பத்தின் 14 பிள்ளைகளுள் பதினோராமவராகப் பிறந்தவர் அவர். இளமையிலேயே செருப்புத் தைக்கக் கற்று, அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, திரைப்பட உலகினருக்குக் காலணி செய்து, 1927 இல் ஃபிளாரன்சில் தொழில் தொடங்கினார். கடல்கடந்து பிழைக்கச் சென்ற தொழிலாளி ஒருவரின் பெயர் அது. கடல்கடந்து பிழைக்க வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் ஜொகூரில் அப்பெயர் ஆடம்பரத்தின் குறியாக மட்டும் படிக்கப்படுகிறது.

தமிழ்த் திரைப்படமும் இப்படிமத்தைப் பரப்பியதில் பங்குடையது. 1998 இல் வெளிவந்த ‘ஜீன்ஸ்’ படத்தின் உலக அதிசயப் பாடலில், பீசாக் கோபுரமும் உரோமின் கொலோசியமும் காதலர் ஆடும் களமாகின்றன. அங்கு வாழ்வோருக்கு அதில் வேலையில்லை. இதற்கு மாறான பயண மரபும் நம்மிடம் உண்டு. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூலால் அறியப்பட்ட ஏ. கே. செட்டியார், தம்மை முன்னிறுத்தாத எளிய நடையில் தாம் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதினார். உரோமில் இறையியல் பயின்று, பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகளார் தம் பயணநூலுக்கு ‘ஒன்றே உலகம்’ எனப் பெயரிட்டார். இம்மரபு நம் பாடத்திட்டத்தில் பெற்றிருக்கவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

கைப்பை மறைக்கும் கைகள்

பல நாடுகளில் உருவாகும் ஒரு பொருளுக்கு, கணிசமான இறுதி மாற்றம் எங்கு நிகழ்ந்ததோ அந்நாடே பிறப்பிடம் என்பது ஐரோப்பியச் சுங்கச் சட்டத்தின் நெறி. எனவே ‘இத்தாலியில் செய்தது’ என்னும் முத்திரை, அப்பொருளின் தோலும் நூலும் எங்கிருந்து வந்தன என்பதைக் கூறாது. தைத்த கைகள் யாருடையவை என்பதையும் கூறாது. தஸ்கனிப் பகுதியின் பிராத்தோ நகரில் சீனக் குடியேறிகள் நடத்தும் தையற்கூடங்கள் பல. 2013 டிசம்பர் 1 அன்று அத்தகைய கூடமொன்றில் ஏற்பட்ட தீவிபத்தில், அங்கேயே உறங்கிய 7 சீனத் தொழிலாளர் மாண்டனர். 2024 ஏப்ரலில், துணை ஒப்பந்தக் கூடங்களில் தொழிலாளர் சுரண்டப்படுவதைத் தடுக்கத் தவறியதாகக் கூறி, அர்மானி குழுமத்தின் உற்பத்திப் பிரிவை மிலான் நீதிமன்றம் தன் மேற்பார்வையில் வைத்தது. நிறுவனம் மேற்கொண்ட சீர்திருத்தங்களை ஏற்று 2025 பிப்ரவரியில் அம்மேற்பார்வையை விலக்கிக்கொண்டது.

இச்சங்கிலியின் ஒரு கண்ணி தமிழகத்திலும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோலும் காலணியும் ஐரோப்பியச் சந்தைகளுக்குச் செல்கின்றன. இந்தியத் தோற்பொருள்களை வாங்கும் நாடுகளுள் இத்தாலியும் ஒன்று. அத்தோல் பதனிடும் கழிவுநீரால் பாலாறும் அதன் கரைநிலங்களும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. அங்காடிக் கண்ணாடிப் பேழையில் ஒளிரும் ‘இத்தாலியத் தோல்’ என்னும் சொல்லில் பாலாற்றுக்கு இடமில்லை.

கூலாய் மண்ணுக்கும் அச்சொல்லில் இடமில்லை. அவ்வங்காடியை நிறுவிய கூட்டு நிறுவனத்தில் அமெரிக்காவின் சைமன் நிறுவனத்தோடு பங்குகொண்டது கெந்திங் பிளாண்டேஷன்ஸ் என்னும் தோட்ட நிறுவனமாகும். ரப்பரும் அதன்பின் செம்பனையும் விளைந்த வட்டாரம் அது. கங்காணி முறையில் தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆள்சேர்த்துத் தீபகற்பத்தின் தோட்டங்கள் நிரப்பப்பட்டன. 1938 இல் இந்திய அரசு அத்தகைய தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்யும்வரை அவ்வரவு நீடித்தது. தோட்ட நிலங்கள் நகரியங்களாகவும் அங்காடிகளாகவும் மாறியபோது, லயன் வீடுகளும் பெரட்டுக் களமும் ஆயக்கொட்டகையும் மறைந்தன. பொருளியல் மாற்றத்தை எவரும் தடுக்கவியலாது. ஆனால் அங்கு வாழ்ந்தோரின் நினைவு எந்த வடிவில் எஞ்சுகிறது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

சேலையும் கைலியும்

1999 இல் தொடங்கிய ‘மலேசியா, உண்மையான ஆசியா’ என்னும் சுற்றுலாப் பரப்புரை, மலாய், சீன, இந்திய, சபா, சரவாக் பெண்களை அவரவர் மரபுடையில் ஒரு வரிசையில் நிறுத்தி உலகெங்கும் புகழ்பெற்றது. பல்லினத்தையும் சம நிலையில் காட்டும் நன்னோக்கு அதில் உண்டு என்பதை மறுத்தல் கூடாது. சில நொடிகளில் ஒரு நாட்டை அறிமுகப்படுத்தும் விளம்பரம் சுருங்கித்தான் ஆகவேண்டும் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயின் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உடை என வரையறுத்தபோது, இந்நாட்டு மக்களின் உண்மையான உடை வரலாறு வெளியே நின்றுவிட்டது.

இருள் பிரியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்ற தமிழ்ப் பெண் சேலையில் செல்லவில்லை. கைலியின்மேல் நீண்ட கைச்சட்டையை அணிந்து, தலையில் துணியைக் கட்டி, கொசுவுக்கும் முள்ளுக்கும் தன்னைக் காத்துக்கொண்டாள். கைலி மலாய்க்காரரின் சாரோங்கோடு உறவுடையது. சட்டை பெரும்பாலும் ஆண்களுடையது. மலாயாத் தமிழரின் மெய்ப்பை அதுவே. திணைமயக்கத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. பாஜு கூரோங் அணிந்து பள்ளிக்குச் செல்லும் தமிழ் மாணவியரும் ஆசிரியைகளும் இன்று அம்மயக்கத்தைத் தொடர்கின்றனர். ஜொகூரின் தெலுக் பெலாங்கா உடைமரபையே 1866 ஆம் ஆண்டையும் அபூபக்கரின் ஆட்சியையும் சார்த்திக் கூறும் வழக்கு உண்டு. மரபுடை எனப்படுவதும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் தேர்ந்து அமைத்ததே.

தோட்டத்துப் பெண்ணின் உடை சுற்றுலாச் சுவரொட்டியில் இடம்பெறாமைக்குக் காரணம் அது அழகற்றது என்பதன்று. அவ்வுடையைக் காட்டின் உழைப்பையும் காட்டவேண்டியிருக்கும். உழைப்பைக் காட்டின் கூலியும் வறுமையும் பிரிவும் பின்தொடரும். அதாவது உரிப்பொருள் உள்ளே நுழைந்துவிடும். அயலிலிருந்து வந்த ஒருவருக்கு இவ்வுரிப்பொருளைக் காண்டல் இயலாது என்பதுமில்லை. மலேசியப் பயணத்தின் பயனாக அகிலன் எழுதிய ‘பால்மரக்காட்டினிலே’ என்னும் நாவல் தோட்டத் தமிழரின் வாழ்வையே பொருளாகக் கொண்டது. அதன் கலைநயம் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். வந்தவர் கோபுரத்தோடு நின்றுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

காணப்படுபவர் தாமே தம்மைக் காட்டிக்கொள்ளும் வழியும் உண்டு. ஜொகூர் பாருவின் அருள்மிகு இராஜகாளியம்மன் ஆலயம் 2009 வாக்கில் கண்ணாடிக் கோயிலாக உருமாறியபின், சுற்றுலாப் பயணிகள் நாடிவரும் இடமாயிற்று. அத்தோற்றத்தைத் தேர்ந்தவர்கள் அக்கோயிலைச் சார்ந்த தமிழர்களே. பயணி காணும் ஒளிச்சில்லும் அடியவர் காணும் அம்மனும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், கருவிலிருந்து உரிக்குச் செல்லும் வழி அங்கு அடைபடவில்லை. நொபிலிக்குக் கிட்டியதும் ஓரளவு இத்தகைய உரிமையே; தம் தோற்றத்தைத் தாமே தேரும் உரிமை.

வகுப்பறைக்குரிய சில கருத்துகள்

இவ்வாய்வு தமிழ் கற்பித்தலுக்கு எவ்வகையில் உதவும் என்பதையும் நோக்குதல் வேண்டும். முதலாவதாக, திணைக் கோட்பாட்டை நாமே அட்டவணையாகச் சுருக்கிவிட்டோம். நிலம், பொழுது, தெய்வம், பறவை எனக் கட்டங்களை நிரப்பும் மாணவன், உரிப்பொருளைக் கடைசிக் கட்டமாக மனப்பாடம் செய்கிறான். அது முதன்மையானது என்னும் உணர்வு அவனுக்கு ஏற்படுவதில்லை. திணையை அச்சுப் படிமமாக மாற்றும் பிழையை வகுப்பறையே செய்கிறது.

இரண்டாவதாக, சுற்றுலா பற்றிய கட்டுரைகளில் மாணவர் பெரும்பாலும் கட்டடங்களையும் கடைகளையும் உணவையும் வரிசைப்படுத்துகின்றனர். சென்ற இடத்தில் வாழும் ஒருவருடைய சொல்லோ செயலோ ஒரு பத்தியிலேனும் இடம்பெறவேண்டும் என்னும் எளிய நெறியை வகுத்தாலே, எழுத்தின் தன்மை மாறும்.

மூன்றாவதாக, நம் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் தன்கதை என்னும் கட்டுரை வகை இதற்குப் பெரிதும் துணைபுரியும். ‘நான் ஒரு கைப்பை’ என்னும் தலைப்பை மேல்வகுப்பு மாணவருக்குக் கொடுத்து, கடையில் வாங்கப்படுவதிலிருந்து தொடங்காமல், தோலிலிருந்தும் பதனிடும் தொட்டியிலிருந்தும் தைத்தவரின் இரவிலிருந்தும் தொடங்குமாறு பணிக்கலாம். ‘நான் ஒரு கைலி’ என்பது மற்றொரு தலைப்பு. அதற்கு வேண்டிய செய்திகளை மாணவர் தம் பாட்டியிடம் கேட்டறிய நேரும்.

முடிவுரை

யவனரின் மெய்ப்பையை வியந்த தமிழர், இந்தியத் துணியை விழைந்த உரோமர், காவியுடுத்த நொபிலி, இத்தாலியக் கைப்பையை நாடும் இன்றைய பயணி ஆகிய நால்வகையினரும் உடையின் வழியே அயலாரை அறிய முற்பட்டவர்களே. அம்முயற்சியில் தவறில்லை, உடையோடு நின்றுவிடுவதே தவறு. படிமங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதையும், அவற்றை வார்ப்பவர் பெரும்பாலும் காண்பவரும் விற்பவருமே என்பதையும் மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. இத்தாலியரின் புகழும் தமிழரின் சேலையும் வெவ்வேறு தட்டுகளில் வைத்து மதிப்பிடப்படினும், இரண்டின் பின்னாலும் புலம்பெயர்ந்தோரின் உழைப்பு ஒன்றுபோலவே மறைந்துள்ளது.

கூலாய், ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களில் தோட்ட வாழ்வை நேரில் கண்ட தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் உடுத்தியவை, சுமந்தவை, விட்டுவந்தவை ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே தொகுக்கும் பணியை ஜொகூர்த் தமிழாசிரியர்களும் பல்கலைக்கழக மாணவரும் இணைந்து மேற்கொள்ளுதல் வேண்டும். அத்தொகுப்பு உருவாகுமாயின், வெளியிலிருந்து வார்க்கப்படும் படிமத்துக்கு விடைகூறத்தக்க உரிப்பொருள் நம் கையில் இருக்கும்.